மாதிரி எண் நான்கு பற்றிய உண்மை

மிகுந்த மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள், ஒன்பதாம் வகுப்பு, வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் பொறுமையாக இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நடந்தவை அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன். எங்களுக்குப் பெருமை தராத இடங்களையும் விடமாட்டேன்.

உங்கள் தள்ளுவண்டி எங்கே என்று நீங்கள் மூன்று முறை போனில் கேட்டுவிட்டீர்கள். முதல் முறை அப்பா, பத்திரமாக இருக்கிறது என்றார். இரண்டாம் முறை, ரொம்பப் பத்திரமாக இருக்கிறது என்றார். மூன்றாம் முறை போனை எடுத்தது நான். "உங்கப்பன் அதை வித்துட்டானா, ஒடைச்சிட்டானா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றீர்கள். இரண்டும் இல்லை அத்தை. அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள், முதல் பாதியிலேயே கோபித்துக்கொண்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

கோடை விடுமுறையில் நீங்கள் வந்தபோது உங்கள் பைகளை அந்த வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். திரும்பும்போது பேருந்தில் கூட்டமாக இருந்ததால் எங்கள் வீட்டிலேயே விட்டுச் சென்றீர்கள். அது வாசல் கதவுக்குப் பின்னால் ஒன்பது நாள் ஒரு தொந்தரவும் செய்யாமல் நின்றது. பத்தாம் நாள் அப்பா அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

அப்பா நகரத்தின் குப்பை அகற்றும் பிரிவுக்குப் பொருள் வாங்கித் தருகிற அதிகாரி என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது எனக்கும் இந்த ஆண்டுதான் தெரிந்தது. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு மருத்துவமனையில் வேலை இருப்பதால் நான் அப்பாவின் அலுவலகத்தில் உட்கார்ந்து படிப்பேன். படிக்காத நேரத்தில் கவனிப்பேன். எந்தப் பொருளையும் சும்மா வாங்கிவிட முடியாது. கம்பெனிகள் மாதிரி அனுப்ப வேண்டும். ஒரு குழு அதைப் பார்த்து, தொட்டு, தட்டி, மதிப்பெண் போட வேண்டும். தேர்ந்தெடுத்த மாதிரிக்கு அரக்கு முத்திரை வைத்துக் கிடங்கில் பூட்ட வேண்டும். பிறகு சரக்கு வரும்போது, ஒவ்வொன்றும் முத்திரை வைத்த மாதிரியைப் போலவே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதுவரை மாதிரியை யாரும் பயன்படுத்தக் கூடாது. இதனால் அந்தக் கிடங்கில் ஒரு குப்பைகூடப் பார்க்காத குப்பைத்தொட்டி பதினொன்று இருக்கிறது. தெரியாமல் ஒரு வாழைப்பழத் தோலை நான் அதில் ஒன்றில் போடப்போனபோது கிடங்குக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் குப்பை அள்ளுகிறவர்களுக்குக் கையுறை வாங்கினார்கள். குழுவில் இருந்த ஐந்து பேரும் மாட்டிப் பார்த்து, விரல்களை மடக்கிப் பார்த்து, பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து பேரும் ஆண்கள். குப்பை அள்ளுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கையுறைகள் வந்தபின் அவர்கள் கையை உயர்த்தினாலே அவை கழன்று விழுந்தன. அந்த வருடம் ஆறாம் நம்பர் அக்காவின் உள்ளங்கையில் கண்ணாடி குத்தி நான்கு தையல் போட்டார்கள். அவர் ஆறாம் பகுதித் தெருக்களைப் பார்ப்பவர். அதனால் எல்லோருக்கும் அவர் ஆறாம் நம்பர்தான். இந்த விஷயத்தை அப்பா வீட்டில் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அந்த அக்காவுக்கு வலது தோள் போய்விட்டது. ஆறாம் பகுதி முழுக்க மேடு. அவருடைய வண்டியில் ஒரு சக்கரம் வளைந்து, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. தள்ளுவதைவிட இழுப்பதுதான் அதிகம். தோளுக்கு இதற்கு மேல் பாரம் கொடுத்தால் வேலையை விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புது வண்டி நாற்பத்தெட்டு வாங்கலாம் என்று உத்தரவு வந்ததும் அப்பா இந்த முறை இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ஒன்று, வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டியது குழு அல்ல, ஆறாம் நம்பர் அக்கா. இரண்டு, சக்கரம் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நல்ல சக்கரம் எது என்று யோசித்தபோது அவருக்குக் கதவுக்குப் பின்னால் நின்ற உங்கள் வண்டி ஞாபகம் வந்தது. தண்ணீர் கேன் தூக்க நீங்கள் கஷ்டப்படக் கூடாது என்று மாமா தன் பட்டறையில் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி அல்லவா அது. அதைக் கொண்டுபோய், இரண்டு சாட்சிகள் முன்னால் டேப் வைத்து அளந்து, சக்கரத்தின் குறுக்களவு முப்பது சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டார். வீட்டிலேயே அளந்திருக்கலாமே என்று அம்மா கேட்டார். வீட்டில் அளந்தால் அது அளவே இல்லை என்றார் அப்பா.

அளந்த கையோடு திருப்பிக் கொண்டுவந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அன்று மழை. வண்டியைக் கிடங்கில் வைத்துவிட்டு வந்தார். கிடங்குக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவருடைய கிடங்கில் அட்டை கட்டாமல் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. அவருடைய சாப்பாட்டுத் தூக்குக்கே அட்டை கட்டியிருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்று கம்பெனிகளிடமிருந்து மூன்று வண்டிகள் வந்து நின்றன. பக்கத்தில் உங்கள் வண்டி. அவர் அதற்கு ‘மாதிரி எண் 4’ என்று அட்டை கட்டிவிட்டார். மறுநாள் அப்பா அவிழ்க்கப் போனபோது, கட்டிய அட்டையைக் குழு மட்டும்தான் அவிழ்க்கலாம் என்று விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். அந்த விதியை ஆறு வருடங்களுக்கு முன் எழுதியவர் அப்பாதான்.

அடுத்த சனிக்கிழமை அலுவலக முற்றத்தில் சோதனை. நானும் நோட்டுடன் ஓர் ஓரத்தில் நின்றேன். உண்மையான குப்பையை ஏற்றினால் மாதிரி அழுக்காகிவிடும் என்பதால், குப்பைக்குப் பதிலாகப் பழைய கோப்புக் கட்டுகளை ஒரே எடையில் ஏற்றினார்கள். பொறியாளர்தான் குழுவுக்குத் தலைவர். அவர் சொல்லச் சொல்ல ஆறாம் நம்பர் அக்கா ஒவ்வொரு வண்டியாகச் சாய்தளத்தில் ஏற்றினார். முதல் வண்டி இரும்புத் தகடு. பீரோவுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது. காலியாகத் தள்ளவே இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது இலேசான பிளாஸ்டிக், ஆனால் சக்கரம் நாற்காலிச் சக்கரம். சாக்கடை மூடியின் இடுக்கில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. மூன்றாவது மிக அழகு. காலால் அழுத்தினால் மூடி திறந்தது. கைப்பிடிதான் அக்காவின் தாடைக்கு நேராக இருந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பா அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வண்டியைப் பார்க்கவில்லை.

பிறகு அட்டை வரிசைப்படி நான்காவது வண்டியைக் கொண்டுவரச் சொன்னார் பொறியாளர். அப்பா தடுத்திருக்க வேண்டும். ஏன் தடுக்கவில்லை என்று பிறகு கேட்டேன், அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்றார். அக்கா கோப்புக் கட்டுகளோடு உங்கள் வண்டியைத் தள்ளினார். சத்தமே இல்லை. சாய்தளத்தின் உச்சிக்குப் போய்த் திரும்பி நின்றார். தோளைப் பிடிக்கவில்லை.

எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

"மத்த மூணையும் நான் தள்ளினேன் சார். இது தானா போகுது, நான் கூடப் போறேன்" என்றார் அக்கா.

குழுவின் ஐந்து பேரும் மளமளவென்று மதிப்பெண் போட்டார்கள். நான்காம் மாதிரிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பொறியாளர் இது எந்தக் கம்பெனி என்று கேட்டார். கிடங்குக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். உண்மை தெரிந்தும் பேசாமல் இருப்பது பொய்க்குச் சமம் என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லிவிட்டேன்.

"அது எங்க அத்தையோட வண்டி சார்."

"அத்தை டெண்டர் போட்டிருக்காங்களா?"

"இல்ல சார். தண்ணி கேன் எடுத்துட்டுப் போவாங்க."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு முன்னால் வந்து முழுவதையும் சொன்னார். செய்தவர் தன் அக்காவின் கணவர், அதனால் அவரிடம் வாங்க விதி இடம் தராது, தவறு தன்னுடையது, எந்த விளக்கம் கேட்டாலும் எழுதித் தருகிறேன் என்றார். ஆனால் ஆறாம் நம்பர் அக்கா சொன்னதை மட்டும் குறிப்பிலிருந்து அடித்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பொறியாளர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில், இரண்டாம் கம்பெனியின் உடல், நான்காம் மாதிரியின் சக்கரமும் கைப்பிடியும் என்று முடிவானது. இரண்டாம் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. நாற்பத்தெட்டு வண்டிகளும் மூன்று மாதத்தில் வரும். கூட்டக் குறிப்பில் நீங்களும் இருக்கிறீர்கள் அத்தை: ‘நான்காம் மாதிரி, ஒரு குடும்பப் பெண்மணியிடமிருந்து அவர் அறியாமல் வரப்பெற்றது.’ அப்பாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைக் கோப்பில் வைப்பதும் அவருடைய வேலை என்பதால் அவரே துளையிட்டுக் கோத்துவைத்தார்.

ஆகவே, நாற்பத்தெட்டு வண்டிகளும் வந்து ஒப்பிட்டு முடியும்வரை உங்கள் வண்டியைத் தர முடியாது. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றி அரக்கு முத்திரை வைத்துக் கிடங்கில் பூட்டிவிட்டார்கள். அந்த மூன்று மாதமும் ஆறாம் நம்பர் அக்கா கயிறு கட்டிய பழைய வண்டியைத்தான் இழுக்க வேண்டும். அதுவரை இந்த வண்டியை அவருக்குக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டாராம். ஓடினால் சக்கரம் தேயும், தேய்ந்தால் மாதிரி மாதிரியே இல்லை, பிறகு எதை வைத்து ஒப்பிடுவது என்றார் பொறியாளர். அது சரிதான், விதி அப்படி என்று அப்பாவும் திரும்பி வந்துவிட்டார். அன்றும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனவே நீங்கள் கவலைப்பட வேண்டாம் அத்தை. உங்கள் வண்டி உங்கள் வீட்டில் இருந்ததைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு கீறல் விழாது, சக்கரத்தில் ஒரு தூசி ஒட்டாது. இதற்கு நான் பொறுப்பு. தண்ணீர் கேனை அதுவரை மாமா தூக்கட்டும், இருமல் இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். உங்கள் இருவரின் ஆசியையும் என் அரைப்பரீட்சைக்கு வேண்டி நிற்கும்,

உங்கள் தம்பி மகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஒரு சந்தேகம் வந்தது. தூசி ஒட்டாது என்று எழுதிவிட்டேனே தவிர, நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதினால் அது பதிவு ஆகாது. அதனால் இன்று மாலை அப்பாவைக் கட்டாயப்படுத்திக் கிடங்குக்கு அழைத்துப்போனேன். கிடங்குக்காரர் எங்களைப் பார்த்ததும் டீ சாப்பிடலாமா என்றார், பிறகு சாவி காணவில்லை என்றார், பிறகு சாவி அவர் கையிலேயே இருந்தது. அப்பா எல்லா விளக்குகளையும் போட்டுத் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே கயிறு கட்டிய பழைய வண்டி நின்றது. அதன் கழுத்தில் ‘மாதிரி எண் 4’ என்ற அட்டை. அரக்கு எங்கே என்று அப்பா கேட்டார். வெயிலில் உருகிவிட்டது என்றார் கிடங்குக்காரர். கிடங்குக்கு ஜன்னலே கிடையாது அத்தை.

அப்போது வெளியே யாரோ வந்தார்கள். சத்தமே இல்லாமல் வந்ததால் அது உங்கள் வண்டி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆறாம் நம்பர் அக்கா இரண்டு தொட்டிகளை அதில் கட்டி, ஒரே கையால் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரங்களைக் கழுவித் துடைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிடங்குக்காரர் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தார்.

"பாத்துதான் தள்ளுறேன் சார். பள்ளம் வந்தா தூக்கி வெக்கிறேன். தேயவிடமாட்டேன்" என்றார் அக்கா.

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு டேப்பை எடுத்து, குனிந்து, சக்கரத்தை அளந்தார். "முப்பது சென்டிமீட்டர். சரியா இருக்கு" என்றார். கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்குச் செய்தித்தாளின் தலைப்பே தெரியாது என்பது உங்களுக்கும் தெரியும். அந்த எண்ணை நான் படித்துச் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது, போகலாம் என்று அப்பா சொன்னார். இதற்கு மேல் அங்கே நடந்ததை நான் பதிவு செய்ய இயலாது. விளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன.