ஒன்பது மீன்களும் ஒரு பஞ்சும்

மார்ச் 9, ஞாயிறு, காலை 6.40. தொட்டியில் விட்டவை பத்து. செத்தவை ஒன்பது. மீதி ஒன்று பால்கனி வாளியில் கிடக்கிறது. போய்ப் பார்க்கவில்லை, செத்த கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

மதிப்புக்குரிய மாமாவுக்கு மாப்பிள்ளை எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். ‘நாங்கள்’ என்பதில் மீன்கள் சேர்த்தி இல்லை.

கல்யாண நாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த தொட்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே “அவகிட்ட குடுங்க மாப்ளே” என்பீர்கள், அதனால் கடிதம். நேராகச் சொல்கிறேன்: உங்கள் மகள் மீன்களுக்குக் கணக்கு வழக்கில்லாமல் தீனி போட்டுக் கொல்கிறாள். நான் ஏசி மெக்கானிக் இல்லை, சர்வீஸ் இன்ஜினியர் என்று உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் முதல் வேலை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது. முதல் மீன் மிதந்த அன்றே கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சு பழுப்பாய், வழவழவென்று, தொடவே கூசியது. குப்பையில் எறிந்து புதுப் பஞ்சு போட்டு, தண்ணீரை முழுக்க இறக்கி, கூழாங்கல்லைக் கொதிக்க வைத்து, குழாய்த் தண்ணீர் பிடித்து நிரப்பினேன். தொட்டி ஷோரூம் மாதிரி இருந்தது. மறுநாள் இரண்டு மிதந்தன. மறுபடி எல்லாம் கழுவினேன், மறுபடி மிதந்தன, இன்னும் நன்றாகக் கழுவினேன், இன்னும் நன்றாக மிதந்தன. கடைசியில் சோதனை மருந்து வாங்கித் தண்ணீரில் சொட்டு விட்டால் கரும்பச்சை. அமோனியா. விஷம். போடுகிற தீனி அழுகினால் வருவது.

“அதுங்க பசியில மேல வந்து வாயத் திறக்குதுங்க” என்றாள்.

“அது பசி இல்ல, மூச்சு முட்டுது. உன் தீனிதான் விஷம்.”

“அப்போ நான்தான் கொன்னேன்?”

“நான் சொல்லல, டெஸ்ட் சொல்லுது.”

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. “சாப்பாடு மேசைல இருக்கு” என்பதைக்கூடச் சுவரிடம்தான் சொல்கிறாள். முதல் மீன் மிதந்த நாளே சோர்ந்து அடியில் படுத்த ஓர் ஆரஞ்சு மீனுக்கு ‘இன்ஜினியர்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். நோய் பரவும், தூக்கிப் போடு என்றேன். தொட்டித் தண்ணீரை மொண்டு என் குளியல் வாளியில் ஊற்றி, அதில் விட்டுப் பால்கனிக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் குழாயடியில் குனிந்து குளிக்கிறேன். மாமா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். தப்பை ஒத்துக்கொள்ளட்டும், போதும். பேச்சில்லாத வீட்டில் ஃபில்டர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும். மீன்களுக்கு இனி அவசியமில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் வாளியைக் காலி செய்து எடுத்துவரலாம் என்று போனேன். இன்ஜினியர் உயிரோடு இருக்கிறது. கொழுத்திருக்கிறது. அதே தீனி, அதே கை. வாளித் தண்ணீரைச் சோதித்தேன்: மஞ்சள். விஷம் துளியும் இல்லை. அடியில் பார்த்தால் நான் எறிந்த பழுப்புப் பஞ்சு. “ஒளிஞ்சுக்க ஒரு இடம் வேணாமா அதுக்கு?” என்று சுவரிடம் சொன்னாள். குப்பையிலிருந்து எடுத்துப் போட்டாளாம். பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அந்த வழவழப்பு அழுக்கில்லை மாமா. மீன் கழிவின் விஷத்தைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள். புதுத் தொட்டியில் அவை வளர வாரக்கணக்காகும். நான் ஒரு சாவுக்கு ஒரு தடவை அவற்றைத் துப்புரவாக ஒழித்திருக்கிறேன். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் கவனித்துக்கொண்டது.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிடுங்கிப் படித்தாள். “ஒரு எழுத்து மாத்தாம அனுப்புங்க” என்றாள். சுவரிடம் அல்ல, என்னிடம். ஆகவே அனுப்புகிறேன். இனிச் செய்யப்போவது:

1. பஞ்சைக் கழுவாமல் தொட்டி ஃபில்டரில் வைத்து, இன்ஜினியரையும் தொட்டிக்கு மாற்றுவது.
2. தண்ணீர் மாற்றினால் கால்வாசி மட்டும். அதுவும் குளோரின் நீக்கும் மருந்து விட்டு.
3. சோதனையில் மஞ்சள் நிலைக்கும்வரை புது மீன் வாங்காமல் இருப்பது.
4. தீனி விஷயத்தில் வாயே திறக்காமல் இருப்பது.
5. அந்த மீனுக்கு ஏன் ‘இன்ஜினியர்’ என்று பெயர் எனக் கேட்காமல் இருப்பது. (கேட்டுவிட்டேன். ஓயாமல் வாயசைக்குதாம், உருப்படியாய் ஒன்றும் வருவதில்லையாம்.)