நாலு நிறத்து எச்சில்

ஒரு காட்டில் நாலு திசை இருந்தது. நாலு திசைக்கும் நாலு நிறத்தில் எச்சில் இருந்தது. வடக்கே துப்பினால் வெளுப்பு, கிழக்கே கறுப்பு, மேற்கே செங்கல் மாவு, தெற்கே நல்ல ரத்தச் சிவப்பு. வழி தப்பிய முயல் சூரியனைத் தேடாது. குனிந்து தரையைப் பார்க்கும், எந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம் என்று தெரிந்துகொள்ளும், நடையைக் கட்டும். அவ்வளவு வசதியான காடு.

அதில் தெற்கே, ஓர் அத்தி மரத்தில், பேச்சியம்மாள் என்கிற மந்தி தன் புருஷன் சொள்ளமுத்துவோடு குடியிருந்தாள். குரங்குகளுக்கு ஆண்டவன் கன்னத்தில் இரண்டு பை வைத்துத் தைத்திருக்கிறான், பழம் பருப்பை அடக்கிக்கொள்ளட்டும் என்று. சொள்ளமுத்து அதில் பத்து வருஷமாக வெற்றிலையும் போயிலையும் அடக்கிக்கொண்டான். போயிலை என்றால் வேறொன்றுமில்லை, படித்தவர்கள் வாயில் புகையிலை என்று வருமே, அதுதான். காலையில் வலது கன்னம், மத்தியானம் இடது கன்னம். தூங்கும்போதும் ஒரு பக்கம் புடைத்தே இருக்கும். இப்போது கன்னம் இரண்டும் உள்ளே பலகையாக இறுகிப்போய், வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தால், பூட்டின வீட்டு வாசலில் விருந்தாளி நிற்கிற மாதிரி பழத்தை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு குரங்குக்கு இதைவிடக் கேவலம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

பேச்சிக்கு வயிறு எரிந்தது. பழத்தைக் கரைத்து, பூவரச இலையைச் சுருட்டி, அதன் வழியாக அவன் வாயில் ஊற்றுவாள். "அந்தக் கருமத்தை விட்டுத் தொலைங்களேன்" என்று திட்டிக்கொண்டேதான் ஊற்றுவாள். "நாளைக்கு" என்பான் அவன். வாய் திறக்காததால் அது "நாழிக்கு" என்று வெளியே வரும். நாளையும் வரும், நாழிக்கும் வரும், போயிலை மட்டும் கன்னத்தை விட்டுப் போகாது.

காடு முழுவதற்கும் வாய் வைத்தியம் தெரிந்தது ஒரே ஒரு மரங்கொத்திதான். அது ஒரு திசையில் இருந்தால் இன்னொரு திசையில் பல் வலிக்கும். இதற்கொரு முடிவு கட்ட வேண்டும் என்று சிங்கராஜா ஓர் உத்தரவு போட்டார். எந்தத் திசையில் புகையிலை போடுகிறவர்கள் அதிகமோ, அங்கே வாய் வைத்தியசாலை. மரங்கொத்தி அங்கேயே தங்கி, அந்தத் திசைக்காரர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும். எங்கே அதிகம் என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கெடுப்பு.

கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். மரத்தின் உச்சிக்குப் போனால்தான் பதில்களை அனுப்பச் சிக்னல் கிடைக்கும் என்பதால் குரங்காக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். பேச்சி முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றாள். தெற்குக்கு வைத்தியசாலை வந்துவிட்டால் இவர் வாய் திறந்துவிடும். அவள் மனசில் வேறு எதுவும் இல்லை.

அதிகாரி வாரணமூர்த்தி என்கிற யானை. அவர் ஓர் ஆமை ஓடு அளவுக்கு இருந்த கருவியை அவள் கையில் கொடுத்தார். அதற்குக் கேட்டெழுதி என்று பெயர்.

"கேள்வி ஒன்றுதான். நீங்கள் வாயில் போடுவது என்ன? பதிலை அவரவர் இதற்குள் சொல்ல வேண்டும். அதுவே கேட்டு அதுவே எழுதிக்கொள்ளும். பச்சை விளக்கு எரிந்தால் பதிவாகிவிட்டது என்று அர்த்தம். என்ன எழுதியது என்று நீ பார்க்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை மூக்குப்பொடி எடுத்தார். யானையின் சிட்டிகை என்றால் ஒரு கூடை.

"ஐயா, இதுவும் போயிலைதானுங்களே?" என்றாள் பேச்சி.

"இது மூக்கில் போடுவது. கேள்வி வாயைப் பற்றியது" என்று சொல்லி ஒரு தும்மல் போட்டார். வரிசையில் நின்ற மூன்று முயல்கள் அடுத்த வரிசையில் போய் விழுந்தன.

பேச்சி முதலில் வடக்கே போனாள். அங்கே பல்ராம் என்கிற கரடி, இடது உள்ளங்கையில் தூளும் சுண்ணாம்பும் வைத்து வலது கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று தட்டுத் தட்டினார். தூசி பறந்தது. மிச்சத்தைக் கீழுதட்டுக்குள் சொருகிக்கொண்டார்.

"அண்ணாச்சி, வாயில போட்டது என்னது?"

"இதுவா? இது உள்ளங்கை வேலை தங்கச்சி. கை சும்மா இருந்தா புத்தி கெட்டுப் போகும். புகையிலையெல்லாம் மேற்கே நரிங்க போடுறது. நாங்க கௌரவமான குடும்பம்."

பச்சை விளக்கு எரிந்தது.

கிழக்கே ஓர் எருமை குளத்துப் படியில் உட்கார்ந்து, கறுப்பாக ஒரு பசையை விரலில் தொட்டுத் தொட்டுப் பல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி ஓரமாக நின்று காத்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. எருமை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எப்பக்கா முடியும்?"

"பல் விளக்குறேன், தெரியலையா? சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் சாயங்காலப் பல் விளக்கணும்." விரலை எடுக்காமலே கருவிக்குள் குனிந்து, "பல் விளக்குறேன்" என்று இன்னொரு தரம் சொன்னாள். "எங்க பக்கம் சுத்தபத்தம். வடக்கே கரடிங்களைப் போய்க் கேளு."

மேற்கே நரி, வண்ண வண்ணப் பொட்டலச் சரத்தை மாலையாகக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தது. ஒன்றைக் கிழித்து வாயில் கவிழ்த்துக்கொண்டு, கொட்டிவிடாமல் இருக்க முகவாயைத் தூக்கி, வானத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னது.

"வாஷனைப் பாக்கு. ஏலக்கா இருக்கு. வர்றவங்களுக்கு மரியாதைக்கு எடுத்து நீட்டுவோம். தெற்கே போய்ப் பாரு, வாயெல்லாம் ரத்தம், பார்க்கவே பயமா இருக்கும்."

பேச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று திசைக்காரர்களும் கிடையாது என்று சாதித்துவிட்டார்கள். இனி தெற்குக்காரர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் போதும், வைத்தியசாலை நம் வாசலுக்கு வந்தது மாதிரிதான். வால் தரையில் படாமல் ஊருக்கு ஓடி வந்தாள்.

வந்தால், சொந்தக்காரர்கள் அதற்கு மேல் இருந்தார்கள்.

"போயிலையா? சீ, அது வடக்கத்தியான் போடுதது" என்றாள் இசக்கி என்கிற வெள்ளாடு, வாய் நிறையச் சாறோடு. "நாங்க வெத்தலைல்லா போடுதோம். மங்கலமான பொருளு."

"வெத்தலைக்குள்ள என்ன இருக்கு?"

"சுண்ணாம்பு, பாக்கு."

"அப்புறம்?"

இசக்கி கொஞ்சம் மென்றாள். "துணைக்கு ஒரு துண்டு போயில. அதையெல்லாம் கணக்கெடுப்புல சொல்லுவாவளா?"

 பேச்சி மரத்தில் ஏறி, சொள்ளமுத்துவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்து, எல்லோர் நடுவிலும் நிறுத்தினாள். "வாயைத் திறங்க" என்றாள். அவன் திறந்தான். திறந்து முடித்த பிறகும் எல்லோரும் இன்னும் திறப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் என்று பிறகுதான் தெரிந்தது. இசக்கி மெல்லுவதை நிறுத்தினாள். அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"சரி, உனக்காகச் சொல்லுதோம்" என்றாள்.

அத்தி மரத்தடியில் வரிசை நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. மிளா மான் வந்தது, காட்டெருமை வந்தது, முள்ளம்பன்றி வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து "போயில", "போயில" என்று சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு எரிந்தது. பேச்சி உச்சிக் கொம்புக்கு ஏறி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு இறங்கினாள்.

மூன்றாம் நாள் வாரணமூர்த்தி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"தெற்கில் எத்தனை வீடு?"

"முந்நூத்திப் பன்னிரண்டுங்க."

"அத்தனை வீட்டுக்கும் 'போய் இல்லை' என்று வந்திருக்கிறது. எங்கே போய் இல்லை? பூட்டிக் கிடந்த வீட்டையெல்லாம் எதற்குக் கணக்கெடுத்தாய்?"

பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா, போய் இல்லை இல்லைங்க. போயில. போயிலைங்க."

"அதைத்தான் அம்மா நானும் சொல்கிறேன். போய் இல்லை." யானை பொடியை உறிஞ்சினார். "கருவிக்கு ஊர்ப் பேச்சு புரியாது. தூய தமிழில் சொல்லச் சொல். இன்னொரு வாய்ப்புத் தருகிறேன்."

ஒரு வாரம் பாடம் நடந்தது. போயில என்று பிறந்து வளர்ந்த நாக்குகள் புகையிலைக்கு வளையுமா? காட்டெருமைக்கு "பொகல" என்று வந்தது. முள்ளம்பன்றி "புகையில" வரைக்கும் வந்து, கடைசி எழுத்தில் கால் வழுக்கியது. இசக்கிக்கு எந்தச் சொல்லைச் சொன்னாலும் கடைசியில் ஒரு "மே" ஒட்டிக்கொண்டது. பேச்சி தொண்டை கட்டக் கட்டக் கத்தினாள். கெஞ்சினாள், ஒரு தடவை மிளாவின் காதைப் பிடித்துத் திருகினாள். ஏழாம் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடும் வரிசையில் நின்று, பள்ளிக்கூடத்து வாத்தியாரே மெச்சுகிற மாதிரி, திருத்தமாக, அழுத்தமாக, "புகையிலை" என்று சொன்னது. இசக்கி கூட "மே" இல்லாமல் சொன்னாள். பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது.

"இன்னும் பத்து நாள் பொறுத்துக்கிடுங்க" என்று பேச்சி புருஷனின் கன்னத்தைத் தடவினாள். "முழுப் பழமா திங்கலாம்." சொள்ளமுத்துவின் கண் கலங்கிவிட்டது.

முடிவு சொல்கிற நாளில் காடே அரண்மனை மைதானத்தில் கூடியது. வாரணமூர்த்தி ஓலையை விரித்து வாசித்தார்.

"வடக்கு. உள்ளங்கை வேலை. கைத்தொழில் பிரிவில் சேர்க்கப்பட்டது. கிழக்கு. இடைவிடாத பல் விளக்கல். சுகாதாரப் பிரிவு. மேற்கு. வந்தவருக்கு வாசனைப் பாக்கு. விருந்தோம்பல் பிரிவு."

கரடியும் எருமையும் நரியும் தலை நிமிர்ந்து நின்றார்கள். பேச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"தெற்கு. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. அத்தனை பேரும் ஒரே குரலில், சுற்றி வளைக்காமல், 'புகை இல்லை' என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு தெளிவான பதிலை இந்தக் கருவி இதுவரை கேட்டதில்லை."

மைதானம் கைதட்டியது. 

வைத்தியசாலை எங்கே என்று கேட்கிறீர்களா? கருவியைச் சோதித்துப் பார்க்க யானை முதலில் அரண்மனைச் சமையல்கட்டில் போய்க் கேள்வி கேட்டிருந்தார். ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த சமையல்காரப் பன்றி, "வாயெல்லாம் ஒரே புகைங்க" என்று சொல்லியிருந்தாள். காட்டிலேயே புகை உண்டு என்று பதிவானது அந்த ஓர் இடம்தான். ஆகவே வைத்தியசாலை அரண்மனைக் கொல்லைப்புறத்தில் என்று முடிவானது. சிங்கராஜா அதுவரைக்கும் பொறுக்காமல் மைதானத்திலேயே வாயைப் பிளந்து உட்கார்ந்தார். மரங்கொத்தி கடைவாயில் இருந்த மான் துணுக்கை எடுக்க ஆரம்பித்தது.

தெற்குக்கு விருது உண்டு என்றார்கள். திசைக்கு ஒரு கேடயம், சிறந்த குடும்பத்துக்கு ஒரு மாலை. கருவி சுமந்தவள் குடும்பம்தானே சிறந்த குடும்பம்? சொள்ளமுத்துவை மேடைக்கு ஏற்றி மாலையைப் போட்டார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவன் முயற்சி செய்தான். தாடை நடுங்கியது. "ம்" என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

மைதானம் எழுந்து நின்று கைதட்டியது.

பேச்சியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மேடையில் தாவி ஏறினாள். "ராஜா, எல்லாம் தப்புங்க. அவங்க சொன்னது புகையிலை. இவரு பத்து வருஷமா அதைத்தான் அடக்கி வச்சிருந்தாரு. வாயே திறக்க மாட்டேங்குதுங்க."

"அதைத்தானே அம்மா பாராட்டுகிறோம்" என்றார் வாரணமூர்த்தி.

மரங்கொத்தி மட்டும் சிங்கத்தின் வாயிலிருந்து தலையை எடுத்துப் பார்த்தது. பறந்து வந்து சொள்ளமுத்துவின் கன்னத்தை லேசாகக் கொத்தியது. டொக் என்று கேட்டது. அதன் முகம் மாறிவிட்டது. "இவரை உடனே உள்ளே கொண்டு வாங்க" என்றது.

"எந்தத் திசை?" என்று யானை கேட்டார்.

"தெற்கு."

"தெற்கில் புகையிலை கிடையாது. கிடையாத பொருளால் வந்த வியாதிக்கு வைத்தியம் பார்க்க விதி இல்லை."

 மரங்கொத்தி சிங்கத்தின் கடைவாய்க்கே திரும்பிப் போய்விட்டது. நீங்கள் சாட்சி சொல்லுங்களேன் என்று பேச்சி தன் ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். இசக்கி கேடயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். "விடு பேச்சி, நம்ம ஊருக்கு முதமுதலா ஒண்ணு கெடைச்சிருக்கு" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் அத்தனை பேரும் அங்கேயே ஆளுக்கு ஒரு வெற்றிலை போட்டார்கள். பேச்சிக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

அரசாங்கம் சொள்ளமுத்துவுக்கு உத்தியோகமும் கொடுத்தது. காடு முழுக்கக் கூட்டம் போடுவார்கள், அவன் மேடையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றவர்கள் அவன் வாய்க்கட்டுப்பாட்டைப் பார்த்துத் திருந்த வேண்டும். பேச்சியும் கூடவே போனாள். போன இடமெல்லாம் ஒலிபெருக்கியைப் பிடுங்கி உண்மையைச் சொன்னாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

வடக்கே நடந்த கூட்டத்திலும் சொன்னாள். "இது கட்டுப்பாடு இல்லைங்க. வாயில அடக்கி அடக்கித்தான் இப்படி ஆச்சு. நீங்க கசக்குறதும் அதே எலைதான். நம்புங்க."

கூட்டம் தலையாட்டிக் கேட்டது. கடைசி வரிசையில் பல்ராமின் பெண்சாதி, உதட்டில் சொருகினதோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொள்ளமுத்துவை ஏக்கத்தோடு பார்த்தாள். மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"இவருக்கு இந்த மாதிரி ஆக, இன்னும் எத்தனை வருஷம் போடணும்மா?"

பேச்சி ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீதி: வாயைத் திறக்க முடியாதவருக்கு வைத்தியம் கிடைக்காமல் போகலாம், மேடை கட்டாயம் கிடைக்கும்.