எட்டாவது பட்டன்

எத்தனை முறை எண்ணினாலும் ஏழுதான் வந்தது. தையல்காரர் கோட்டின் பட்டன்களை மேலிருந்து எண்ணினார், கீழிருந்து எண்ணினார், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எண்ணினார். மனுஷனுக்கு நம்பிக்கை இருக்கலாம், அதற்காக இப்படியா? கோட்டுக்கு எட்டுப் பித்தளைப் பட்டன். தைத்திருந்தது ஏழு. எட்டாவது மேஜையிலும் இல்லை, தரையிலும் இல்லை.

மெஷினுக்கு அடியில் அவருடைய நாய் உதட்டை நக்கிக்கொண்டு படுத்திருந்தது.

"அடப்பாவி!" என்றார் தையல்காரர்.

நாயின் பெயர் உண்டியல். உள்ளே போனது லேசில் வெளியே வராது என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர். தையல் சாக்கட்டி, அழிரப்பர், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் என்று எதுவானாலும் அதற்கு ருசிதான். சாப்பாட்டை மட்டும் முகர்ந்து பார்த்து யோசிக்கும். போன வருஷம் ஒரு சாக்ஸை விழுங்கி, வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் வீட்டில் எது காணாமல் போனாலும் விசாரணையே கிடையாது, நேராகத் தண்டனைதான்.

போன வாரம் அவர் மனைவி கடைசி எச்சரிக்கையும் கொடுத்துவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு சாமான் காணாமப் போகட்டும், இது என் தம்பி குடோனுக்குப் போயிடும். அங்க பூரா இரும்புதான். முடிஞ்சா முழுங்கட்டும்."

அவள் சொன்னால் செய்வாள். குனிந்தே கிடக்கிற வேலையில் தையல்காரருக்கு இருந்த ஒரே துணை காலடியில் படுத்திருக்கும் அந்த ஜீவன்தான். அது இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஏங்க, முடிஞ்சுதா? கோட்டை வாங்க நாலு மணிக்கு பேண்டு மாஸ்டர் வந்துடுவாரு!" பக்கத்து அறையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"ம்," என்றார். வாயில் எந்நேரமும் ஊசியையோ பட்டனையோ கவ்விக்கொண்டே வேலை செய்து பழகியவர். அந்த ஒரு 'ம்'மை வைத்தே இருபது வருஷம் குடும்பம் நடத்திவிட்டார்.

சமையலறையிலிருந்து பூனைபோல நாலு வாழைப்பழம் எடுத்துவந்து உரித்து நீட்டினார். பழம் போனால் பட்டனையும் தள்ளிக்கொண்டு போகும் என்று கணக்கு. உண்டியல் பழத்தை மதிக்கவே இல்லை. நாலு தோலையும் விழுங்கிற்று.

சரி, ஓடினால் இறங்கும் என்று கொல்லைப்புறத்தில் அதை விரட்டினார். நாலு சுற்றில் நாய் நின்றுவிட்டது. பின்னால் இவர் மட்டும் ஒரு சுற்று கூடுதலாக ஓடினார். மனைவி கதவருகே வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தார்.

"என்னங்க இது கூத்து?"

"ஓடினா உடம்புக்கு நல்லதாம்."

"யார் உடம்புக்கு?"

பதில் சொல்வதற்குள் வாசலில் பேண்டு மாஸ்டரின் குரல் கேட்டது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார், புண்ணியவான்.

தையல்காரர் உள்ளே ஓடி, கோட்டை எடுத்து அவருக்கு மாட்டி, பட்டன் இல்லாத இடத்துக்கு நேராக அகலமான ஒரு பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டார். கட்டியது கொஞ்சம் அதிகம். பேண்டு மாஸ்டருக்கு மூச்சு முட்டியது.

"என்ன டைலரே, சாகடிக்கப் பார்க்கறீங்களா? நான் இதைப் போட்டுக்கிட்டு டிரம்பெட் ஊதணுமா வேண்டாமா?"

"ரொம்ப எடுப்பா இருக்குங்க."

"எடுப்பு இருக்கட்டும், பெல்ட்டைக் கழட்டுங்க." தையல்காரர் கழற்றினார். பேண்டு மாஸ்டர் எண்ணினார். "எட்டாவது எங்க?"

"இப்பல்லாம் ஏழுதான் வெக்கறாங்க..."

"யார் வெக்கறா? எங்க பேண்டுல எட்டுப் பேரு. ஆளுக்கு ஒரு பட்டன், ஒவ்வொண்ணும் அவனவன் கையால கொடுத்தது. ஏழோட போய் நின்னா எட்டாவது ஆளு, என்னைச் சேர்க்கலையான்னு வாத்தியத்தைக் கீழ வெச்சுடுவான். ஆறு மணிக்கு நிகழ்ச்சி!"

மனைவி கோட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மெஷினுக்கு அடியில் பார்த்தாள். உண்டியல் வாலை ஆட்டியது.

"பித்தளைம்மா, நல்ல வழவழப்பு. தானா வந்துடும்," என்றார் தையல்காரர் ஈனக் குரலில். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

அவள் தம்பிக்கு போன் போட்டாள். "வண்டி எடுத்துட்டு வா."

"நாயை எங்க வேணாலும் அனுப்புங்க, பட்டனை எடுத்துட்டு அனுப்புங்க!" என்று பேண்டு மாஸ்டர் குதித்தார். கடைசியில் எல்லோரும் தம்பியின் வண்டியிலேயே மிருக வைத்தியரிடம் போனார்கள்.

டாக்டர் உண்டியலின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "படம் எடுத்துடலாம். பட்டன் தெரிஞ்சா இன்னிக்கே கிழிச்சாகணும். பழைய தையல் மேலயே கத்தி வைக்கணும், அதான் யோசனையா இருக்கு."

"வேண்டாம் டாக்டர்! ஒரே இடத்துல ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சா துணியே தாங்காது. இது உசுரு!" தையல்காரர் உடைந்துபோய் அழுதார். பேண்டு மாஸ்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி மட்டும் மசியவில்லை.

எக்ஸ்ரே அறையில் உண்டியல் படுக்க மறுத்தது. இந்தப் பக்கம் படுக்கவைத்தால் அந்தப் பக்கம் இறங்கியது. தையல்காரர் ஒரு முடிவோடு மேஜை மேல் ஏறி மல்லாந்து படுத்தார். நாய் தானாக ஏறி அவர் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"ஐயா, நீங்க இறங்குங்க," என்றாள் படமெடுக்கும் பெண்.

"நான் இறங்கினா அதுவும் இறங்கிடும்மா."

"சரி, தொலையட்டும். சட்டையைக் கழட்டுங்க. உடம்புல ஊசி, கத்திரின்னு எதுவும் இருக்கக்கூடாது."

சட்டை போயிற்று. காலரில் குத்தியிருந்த ஒன்பது குண்டூசி, இடுப்பில் செருகிய கத்திரி, விரல்கவசம், மோதிரம் எல்லாம் ஒரு தட்டில் போய்ச் சேர்ந்தன.

"இப்ப என்கிட்ட பொட்டு உலோகம் இல்லம்மா, சத்தியமா!"

படம் எடுத்தாயிற்று. எல்லோரும் வெளியே காத்திருந்தார்கள். தையல்காரர் உண்டியலை மடியில் வைத்து அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். இன்னும் எவ்வளவு நேரம் தடவக் கிடைக்குமோ என்று இருந்தது அவருக்கு.

"எனக்கு இனிமே பேச்சே கிடையாது டாக்டர்," என்றாள் மனைவி. "பட்டனை முழுங்கினது எதுவோ, அது இன்னிக்கே குடோனுக்குப் போயாகணும். தம்பி வண்டியோட வாசல்ல நிக்கறான்."

அந்தப் பெண் படத்தோடு வந்தாள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள்.

"நாய் வயித்துல பட்டன் இல்ல டாக்டர். அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரே, அவர் வயித்துலதான் இருக்கு."