ரெண்டு விரல் தாராளம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் மாமியார் சுகம், நீங்கள் இங்கே விட்டுப்போன மோட்டார் சைக்கிளும் சுகம். மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடிதத்தைப் பாதியில் போட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறி வந்துவிடக்கூடாது. மகளும் பேரனும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறோம்.

குழந்தை வந்தாச்சு, எங்கள் வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை, யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் மாமா என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் என்ன வருத்தம்? கல்யாணப் பேச்சின்போது, "ரெண்டு சக்கரத்துல பறக்கிற பையனுக்கெல்லாம் பொண்ணு கிடையாது" என்று கறாராகச் சொன்னவன் நான். தெருமுனைப் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது கிளட்ச் கைப்பிடி தொளதொளவென்று ஆகிவிட்டது.

வாரம் ஒருதரம் ஸ்டார்ட் மட்டும்தானே பண்ணச் சொன்னேன், கிளட்ச் சமாசாரம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நின்ற இடத்தில் ஸ்டார்ட் பண்ணினால் பேட்டரிக்குப் போதாது என்று யாரோ சொன்னார்கள், அதனால் வாசல் வரை. வாசலில் திருப்ப இடமில்லை, அதனால் தெருமுனை வரை. தெருமுனைக்குப் போனவனுக்கு நூலகம் எவ்வளவு தூரம். இடது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து உங்கள் மாமியாரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாளே என்று பின்னால் ஏற்றி... சரி, மொத்தமாக ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் உட்கார்ந்தால் அவள் பாட்டு முணுமுணுக்கிறாள் மாப்பிள்ளை. முப்பத்தைந்து வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

கிளட்சுக்கு வருகிறேன். கைப்பிடிக்குப் பக்கத்துச் சின்ன டப்பாவில் எண்ணெய் குறைந்திருந்தது. நாற்பது வருஷம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தவனுக்கு எண்ணெய் குறைந்தால் என்ன தோன்றும்? தையல் மெஷின் எண்ணெயை ஊற்றினேன். கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்றினேன். மூன்றாம் நாள் நூலக வாசலில் கைப்பிடியை முழுசாகப் பிடித்தும் வண்டி என்னை மதிக்காமல் முன்னால் இழுத்துக்கொண்டு போய், சைக்கிள் நிறுத்துகிற கம்பியில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை, கம்பிக்குக்கூட. ஒர்க்‌ஷாப் வரை தள்ளிக்கொண்டே போனோம்.

ஒர்க்‌ஷாப்காரர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "என்ன சார் ஊத்தினீங்க?" "மெஷின் ஆயில்." "எந்த மெஷின்?" "தையல்." மனுஷன் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அங்கே பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டுமாம், வேறு எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போய்விடுமாம். கைப்பிடியைப் பிடித்தால் எண்ணெய் குழாய் வழியாகப் போய் இஞ்சின் ஓரத்தில் இருக்கிற ஒரு குட்டி சிலிண்டரைத் தள்ளும், அதற்குப் பெயர் ஸ்லேவ் சிலிண்டர், அதுதான் கிளட்சைப் பிரிக்கும். அது ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்ததாம். நான் கதையை முடித்துவைத்தேன். மேல் ரப்பரும் குழாயும் அவரிடமே இருந்தன. ஸ்லேவ் சிலிண்டர் மட்டும், கம்பெனி பார்ட் வர இரண்டு மாதம். பல் டாக்டர் வர ஏழு நாள். "வெளி கம்பெனி பார்ட்டும் நல்லாவே இருக்கு சார், வாங்கிடுங்க. மாடல், வருஷம் பாருங்க. உள்ளே இருக்கிற பிஸ்டன் இருபத்தெட்டு மில்லிமீட்டர், மறந்துடாதீங்க" என்று சீட்டில் எழுதியே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினால், அதே வண்டிக்கு, அதே வருஷத்துக்கு இரண்டு அளவு காட்டுகிறது: இருபத்தெட்டு, முப்பது. மாப்பிள்ளை, என் ஆயுசில் ஒரு பையனுக்காவது நான் சரியான அளவில் டவுசர் தைத்ததில்லை. வளர்கிற பிள்ளை, ரெண்டு விரல் தாராளமா விடு, இதுதான் என் தொழில். விரல் பாட்டுக்கு முப்பதை அழுத்திவிட்டது. பார்சல் வந்து, இஞ்ச் டேப்பால் அளந்து, அதற்கப்புறம்தான் சீட்டை எடுத்துப் பார்த்தேன். சீட்டில் இருபத்தெட்டு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, திருப்பி அனுப்ப நாளில்லை. உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ராத்திரியெல்லாம் அதையே அளந்துகொண்டிருந்தேன்.

இன்று காலை திட்டு வாங்கத் தயாராகப் போனேன், துணைக்கு உங்கள் மாமியாரும் வந்தாள். ஒர்க்‌ஷாப்காரர் போல்ட் துளைகளை வைத்துப் பார்த்தார், பொருந்தியது. "முப்பதா வாங்கினீங்க?" என்று சிரித்தார். "பிஸ்டன் பெரிசானா கைப்பிடி லேசாயிடும் சார். கிளட்ச் பிரியற தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மாட்டிப் பார்த்துடுவோம்." மாட்டினார். அப்புறம் குழாயிலிருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருத்தர் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, அவர் கீழே திருகைத் திறந்து மூடுவார், மூடின பிறகுதான் கைப்பிடியை விடலாம். அந்த எண்ணெய் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று ஈரத்துணியோடு டேங்குக்குக் காவல் நான். அதையும் மீறி நகக்கண் அளவுக்கு ஓரிடத்தில் உரிந்திருக்கிறது, பெரிய மனசு பண்ணவும். கைப்பிடிக்கு உங்கள் மாமியார். "பிடிங்கம்மா... ம்... விடுங்க" என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது தெருவில் போன ஒருத்தி, "டைலர் வீட்டம்மாதானே!" என்று கூப்பிட, இவள் கைப்பிடியை விட்டுவிட்டுக் கையை ஆட்ட, காற்று மறுபடி உள்ளே. முதலிலிருந்து ஆரம்பித்தோம். இப்படி மூன்று தரம், ஒவ்வொரு தரமும் தெரிந்தவர்கள். நாலாவது தரம் முடிந்ததும் இவள் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, வலிக்கவே இல்லைங்க." ஈரத்துண்டைப் பிழிய முடியாத கை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எண்ணெய் தெறித்துவிட்டது என்று சமாளித்தேன்.

ஓட்டிப் பார்த்தோம். எல்லா கியரும் விழுகிறது, ஒரு சொட்டுக் கசிவில்லை. அப்பாடா! பத்து நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். நாளைக்குப் பல் டாக்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இதைத் தபாலில் சேர்ப்பேன். நீங்களும் மகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், பேரன் நான் தைத்த சட்டையெல்லாம் சீக்கிரம் பத்தாமல் போகிற அளவுக்கு வளர வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

சொன்ன சொல் தவறாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஞாயிறு காலை மணி பதினொன்று. மேலே வண்டியைக் கொடுப்பதாக எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பல் டாக்டர் வந்தார், ஒரு சுற்று ஓட்டினார், "கிளட்ச் எவ்வளவு லேசா இருக்கு சார்! இப்பவே எடுத்துக்கறேன்" என்றார். நான் டேங்கில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மாமியார் வெளியே வந்து, "மன்னிச்சிடுங்க டாக்டர், இது எங்க வீட்டு வண்டி" என்று அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அண்ணன் வண்டியை ஓட்டியிருக்கிறாளாம், எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். விளையாட்டு மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் ஹெல்மெட் கண் வரை இறங்க, அவள் முதல் கியரில் ஏழாவது சுற்று வருகிறாள். பாட்டு இங்கே வரை கேட்கிறது. வண்டியை எங்களிடமே விட்டுவிடுங்கள் மாப்பிள்ளை, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது அவளுக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கி வாருங்கள். தலைச் சுற்றளவு இருபத்தொன்றரை அங்குலம், இரண்டு தடவை அளந்துவிட்டேன். இதில் மட்டும் ரெண்டு விரல் தாராளம் வேண்டாம்.