தன்போக்குப் பதிப்பகமும் வேணாம் சாரும்

அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே தும்மல் வருகிற மனிதர் இந்தியா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் தேறுவார். அவர் இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் அக்காள்மடம் என்ற ஊரில் இருக்கிறார். இத்தனைக்கும் அரசு அலுவலகத்தில் லைசென்ஸ் எழுதிக் கொடுத்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். எந்த அரசுத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் "வேணாம்" என்பார். அதனால் ஊருக்கே அவர் வேணாம் சார்.

"பென்ஷன் மட்டும் வாங்குறீங்களே சார்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அது என்கிட்ட புடிச்ச காசு தம்பி. மீட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் மீட்ட இன்னொன்று தன்போக்குப் பதிப்பகம். ஒரு டிரான்சிஸ்டர் வைத்துக்கொள்ளவே லைசென்ஸ் கேட்ட காலத்தில், பெரியபட்டினத்து வியாபாரி ஒருவர் கோபத்தில் தொடங்கியது அது. மனிதனை அவன் போக்கில் விடு, அரசாங்கமே குறுக்கே வராதே என்று சொல்லும் புத்தகங்களை மட்டும் போடும். அவர் காலமானதும் மூடிவிட்டார்கள். துபாயில் இருந்த பிள்ளைகளிடம் பேசி, பெயரையும் மிச்சப் புத்தகங்களையும் வாங்கி, அக்காள்மடம் மெயின் ரோட்டில் ஒரு வீட்டில் மறுபடி தொடங்கினார் சார். புத்தகங்கள் அதுவரை கருவாட்டுக் கிட்டங்கியில் கிடந்தவை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சுதந்திரத்துக்கு முன்னால் நெத்திலி வாசம் வந்து நின்றது. ராமநாதபுரம் புத்தகக் கண்காட்சியில் எங்கள் கடைக்கு வந்த கூட்டத்தில் பாதி பூனைகள்.

புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று தெரிந்த அன்று மனிதர் முகமே வாடிவிட்டது. எதிர்த்து எழுத பத்துப் பக்கம் தயாராக வைத்திருந்தாராம்.

நான் பகலில் இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் அங்கே மெய்ப்புத் திருத்தப் போவேன். சம்சாத் அக்கா பைண்டிங். சார் எங்களுக்கு உத்தரவே போட மாட்டார். யாரையும் கட்டாயப்படுத்துவது அவர் அகராதியில் பாவம்.

"சம்சாத்தம்மா, உங்களுக்கு விருப்பம்னா இந்தக் கட்டைத் தைக்கலாம்."

"இன்னைக்கு விருப்பம் இல்ல சார்."

"அது உங்க உரிமை" என்று சொல்லிவிட்டு அவரே ஊசியை எடுப்பார். தையல் பாம்பன் பாலத்தில் ஆரம்பித்து தனுஷ்கோடிக்குப் போகும். அக்காவுக்குப் பொறுக்காது. பிடுங்கிப் பிரித்து நேராகத் தைத்து வைப்பார். எங்கள் அலுவலகத்தில் வேலை நடந்த விதம் இதுதான்.

'இங்கே எந்தக் கட்டுப்பாடும் இல்லை' என்று வாசலில் ஒரு போர்டு வைத்தார். மறுநாள் முற்றம் முழுக்க ஒருவர் வலை காயப்போட்டிருந்தார்.

"ஏலே, யாரைக் கேட்டு இங்கன போட்ட?"

"போர்டு வச்சிருக்கீகல்ல சார்."

சார் அரைமணி நேரம் யோசித்து, 'அடுத்தவர் சொத்தைத் தொடுவது நீங்கலாக' என்று கீழே எழுதினார். வலைக்காரர் நிதானமாகப் படித்துவிட்டு, "இது கட்டுப்பாடு இல்லையா சார்?" என்றார். சார் இன்னொரு அரைமணி யோசித்து போர்டையே கழற்றிவிட்டார்.

வினை வந்தது முதல் புதுப் புத்தகத்தோடு. 'உங்கள் வேலையைப் பாருங்கள் அரசே' என்று பெயர். கையில் இருந்ததெல்லாம் அச்சுக்கே போய்விட்டது. சின்னப் பதிப்பகங்களுக்கு நூலக ஆணைதான் உயிர்மூச்சு. அரசு நூலகங்களுக்கு வாங்கினால் பிழைக்கலாம், இல்லையென்றால் கதவைச் சாத்தவேண்டியதுதான். விண்ணப்பிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"வேணாம்" என்றார் சார். "கவர்மெண்டு எங்கயும் தலையிடக் கூடாதுன்னு புக்கு போட்டுட்டு, அதையே நீ வாங்குன்னு அவங்ககிட்ட போயி நிக்கவா?"

"அப்ப சாத்திருவீகளா?" என்றார் அக்கா.

"சாத்துறதுன்னா சாத்துறதுதான்."

"நான் திரும்பக் கருவாடு காயப்போடப் போகணும். அது உங்க புக்குல எந்தப் பக்கத்துல வருது சார்?"

சார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று நாள் ஆளையே காணோம். நாலாம் நாள் குளித்து, விபூதி பூசி, சலவைச் சட்டையோடு வந்து நின்றார்.

"சம்சாத்தம்மா, என் பதிப்பகம் விண்ணப்பிக்காது. ஆனா உங்க பதிப்பகம் விண்ணப்பிச்சா, தடுக்க எனக்கு உரிமை கெடையாது."

"எனக்கு ஏது சார் பதிப்பகம்?"

"இதுதான். உங்களுக்குக் குடுத்துட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "யா அல்லா, சாருக்குக் காய்ச்சலா தம்பி?"

வாய்வார்த்தை செல்லாது, முத்திரைத்தாளில் எழுதிப் பதிய வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பதிவென்றால் அரசு அலுவலகம். "நானும் அக்காவும் போயிட்டு வாரோம் சார்" என்றேன்.

"எழுதிக் குடுக்குறவன் வராம எப்புடி? அதோட உங்க ரெண்டு பேருக்கும் அங்கன விவரம் பத்தாது. காலையில பத்து மணிக்கு வந்துருங்க."

நான் போனபோது அவர் ஏற்கெனவே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா. சார் படிவத்தை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், பழைய குமாஸ்தா கையெழுத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார். அக்காவிடம் பெயர் கேட்டார், தகப்பனார் பெயர் கேட்டார். தொழில் என்ற இடத்தில் மட்டும் எதுவும் கேட்காமல் 'பதிப்பாளர்' என்று எழுதினார். அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதிஞ்சதுக்கு அப்பறம் நீங்க என்ன செய்வீக சார்?"

"வேலை இருந்தா குடுங்கம்மா, செய்யிறேன்."

நூலக ஆணை கிடைத்தது. அக்காவின் பதிப்பகம் இன்றும் நடக்கிறது. சாருடைய கொள்கையில் ஒன்றைக்கூட நான் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ரொம்பப் பெருமை.