முதலாம் ஆண்டு உளவியல் மேதை

2024 பெப்ரவரி மாதம் வரை, ராகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் மனக்கோளாறு உள்ளவர்கள் என்று யாருமே இருக்கவில்லை. கோபக்காரர்கள் இருந்தார்கள், கஞ்சர்கள் இருந்தார்கள், ஒரு சொல்லுக்கு ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்பவர்கள் இருந்தார்கள். அவர்களை நாங்கள் சும்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த மாதம்தான் தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் செல்லசாமியின் மகன் லோஜன், நுவரெலியாவில் கீழே பேக்கரியும் மேலே வகுப்பறைகளுமாக இருக்கும் ஒரு சின்னக் கல்லூரியில் உளவியல் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தான். முதல் தவணை முடிவதற்குள் எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் ஒருவர்கூடச் சுகமாக இல்லை.

லோஜன் ஓர் உதாரணம்தான். முதலாம் ஆண்டு உளவியல் மாணவர் என்பது ஓர் இனம். நாடெங்கும் பரவி வாழ்கிறது. பஸ்ஸிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்றவர்கள் தூங்குவார்கள், போனைப் பார்ப்பார்கள், வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்குவார்கள். இவர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் பையை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றினால், ரொம்ப நாள் சந்தேகம் உறுதியானதுபோல மெல்லத் தலையசைப்பார். அந்தத் தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொடுத்துவிடாதீர்கள். அது செவிமடுத்தல் என்ற பாடத்தின் விளைவு.

அவரோடு பேசுவது எப்படி இருக்கும்? லோஜனுக்கும் பக்கத்து வீட்டு மீனம்மாவுக்கும் பைப்படியில் நடந்த இந்த உரையாடல் போல இருக்கும்.

"இன்னைக்கு ரொம்பக் குளிருது தம்பி."

"ரொம்பக் குளிருதுன்னு உங்களுக்குத் தோணுது."

"தோணல தம்பி. குளிருது."

"நான் சொன்னதும் மறுக்கிறீங்க பாருங்க. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?"

மீனம்மா குடத்தைக்கூட நிரப்பாமல் வீட்டுக்குப் போய் யோசித்தார்.

இந்த இனத்தின் நோய் கண்டறியும் முறை மிக எளிது. இந்த வாரம் வகுப்பில் என்ன அத்தியாயமோ, அதுதான் இந்த வாரம் ஊரில் பரவும் நோய். ஞாபக மறதி பற்றிய பாடம் நடந்தபோது, கொழுந்துக் கூடையை மலையிலேயே மறந்துவிட்டு வந்த மூன்று பேருக்கு மூளை சுருங்கத் தொடங்கியது. ஆளுமைக் கோளாறு வந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் முதல் பால்காரர் வரை எல்லோரும் தம்மையே காதலிப்பவர்கள் ஆனார்கள். பிள்ளைப் பருவம் பற்றிய அத்தியாயம் பெரிய கொள்ளைநோய். அதில் எல்லோருடைய அம்மாவும் குற்றவாளி. நல்லவேளையாகப் பரீட்சை என்று ஒன்று இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் எல்லோருக்கும் தானாகவே குணமாகிவிடும்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி தொண்டை கிழியக் கத்துகிறார் அல்லவா? லோஜன் அதை ஒரு வாரம் தூரத்தில் நின்று ஆராய்ந்துவிட்டு அப்பாவிடம் சொன்னான்.

"அப்பா, கங்காணிக்கு வீட்டுல எந்த அதிகாரமும் இல்ல. அந்தக் கோபத்தைத்தான் இங்க வந்து காட்டுறாரு."

செல்லசாமி தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "அவனுக்கு வீட்டுல அதிகாரம் இல்லன்னு இந்த மல முழுக்கத் தெரியும். அதுக்கு எதுக்குடா நாலு வருஷம் படிப்பு?"

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த இனம் தானாக வளர்வதில்லை; வளர்ப்பவர்கள் நாம்தான். மீனம்மாவின் கணவர் மழைக்காலத்தில் குளிக்க மாட்டார். முன்பு அதற்குப் பெயர் சோம்பல். லோஜன் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்ததும், மீனம்மா அதை ராகலைச் சந்தை வரை கொண்டுபோய்ப் பெருமையோடு சொல்லிவிட்டு வந்தார். பிறகு அடுத்த லயத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்று அவர்கள் முகத்தில் ஒரு கவலை இருந்தது. எல்லோருக்கும் ஏதாவது கிடைத்தது.

இப்படி எல்லோரும் நோயோடு மகிழ்ச்சியாக இருந்த நேரத்தில்தான் லோஜனின் அக்கா நாகலெட்சுமியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

நாகலெட்சுமி முன்பள்ளி ஆசிரியை. இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய், பிறகு வேறு பக்கம் போயின. இந்த மூன்றாவது வரன் வலப்பனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முத்துலிங்கம். போட்டோவைப் பார்த்த அன்று நாகலெட்சுமி ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஐப்பசி ஞாயிறு, விடாத மழை. கோயில் வளைவுக்கு மேலே வேன் ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இறங்கி, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் நடந்து வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை புதுச் சப்பாத்தும் வெள்ளைச் சாக்ஸுமாக நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் லோஜன் உட்கார்ந்தான். தலை சாய்ந்தது.

மாப்பிள்ளை நிமிரவில்லை. ஒரு காலால் மறு காலை அழுத்திக்கொண்டே இருந்தார். நெற்றி வியர்த்தது, அதுவும் அந்தக் குளிரில். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில். முறுக்குத் தட்டை நீட்டினால் வாங்கிக்கொண்டார், வாங்கியதைக் கடிக்கவில்லை.

லோஜன் கனிவோடு கேட்டான். "சின்ன வயசுல உங்க அம்மாகூட உங்க உறவு எப்படி?"

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருந்திச்சு," என்றார் முத்துலிங்கம். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "இப்பவும் நல்லாத்தான் இருக்கு," என்று சேர்த்துக்கொண்டார். அடுத்த நிமிடம் எழுந்து, வீட்டுக்குப் பின்னால் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனவர், நெடுநேரம் கழித்துத்தான் வந்தார்.

அவர்கள் புறப்பட்டுப் போனதும் லோஜன் அக்காவை அடுப்படிக்கு அழைத்தான். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது எப்படி என்று போன மாதம்தான் அவனுக்கு வகுப்பு நடந்திருந்தது. ஆகவே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, இது பயமும் பதற்றமும் முத்திப்போன நிலை. மனுசங்களோட நெருங்கவே முடியாது. கண்ணப் பார்க்கல, கால அழுத்திக்கிட்டே இருந்தாரு, அம்மா பேச்சு எடுத்ததும் எழுந்து ஓடிட்டாரு. வேர் ரொம்ப ஆழத்துல இருக்கு."

அப்போது சுவர் பேசியது.

"தம்பி, அந்த வியாதி பரம்பரையா வருமா?"

லயத்து வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது என்பதை, அந்தச் சுவருக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த லோஜன் மறந்துபோனான். அதற்குமேல் எதுவும் மீனம்மாவின் கையில் இல்லை. அவர் வாயில்தான் இருந்தது. திங்கட்கிழமை பெரட்டில் மாப்பிள்ளைக்குப் பதற்றம். செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் வலிப்பு. வார நடுவில் ராகலைச் சந்தையில் அவர் பாட்டனுக்கும் அதே வியாதி இருந்தது. வியாழக்கிழமை செய்தி வலப்பனைக்குப் பஸ் ஏறியது. வெள்ளிக்கிழமை தரகர் போன் எடுத்தார்.

"செல்லசாமி அண்ணே, புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. பையனப் பைத்தியம்னு எதுக்குச் சொல்றீங்க? அவங்க அம்மா அழுதுகிட்டு இருக்காங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லலன்னா, இந்தப் பேச்ச இதோட விட்ருவோம்னு சொல்லிட்டாங்க."

வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி பாத்திரம் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார். லோஜன் அதைக் கூர்ந்து கவனித்து, அக்காவின் மௌனம் நிம்மதியின் அறிகுறி என்று முடிவு செய்தான். எப்படிப்பட்ட கண் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முத்துலிங்கம் தனியாக வந்தார். இந்த முறை காலில் முழங்கால் உயர பூட்ஸ். வாசலில் நின்றபடியே பேசினார்.

"தம்பி, எனக்கு ஏதோ வியாதின்னு சொன்னீங்களாம். கடைக்கு ஆணி வாங்க வர்றவங்ககூடக் கொஞ்சம் தள்ளி நின்னு வாங்குறாங்க. என்னா வியாதின்னு சொன்னா மருந்து எடுக்கலாம்."

லோஜனிடம் முதன்முறையாக ஒரு நோயாளி மருந்துக்காக வந்து நிற்கிறார். விடுவானா? "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இது உங்க குத்தம் இல்ல. நீங்க கால அழுத்திக்கிட்டே இருந்தீங்க. அது அடக்கி வச்ச பயத்தோட…"

நாகலெட்சுமி கதவருகே வந்து நின்றார். முத்துலிங்கத்தைப் பார்த்தார். பார்வையிலேயே எதையோ கேட்டார். அவர் தலையசைத்தார்.

"அட்டை," என்றார் நாகலெட்சுமி.

எல்லோரும் மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார்கள்.

"சாக்ஸுக்குள்ள ரெண்டு. தேயிலைக்குள்ள நடந்து வந்தாங்கல்ல. தேத்தண்ணி குடுக்கக் குனிஞ்சப்ப ரத்தம் தெரிஞ்சிச்சு. அப்புறம் இவரு பின்னால போனப்ப, நான்தான் உப்பு கொண்டுபோய்க் குடுத்தேன்."

செல்லசாமி மகளைப் பார்த்தார். "ஒரு வாரமா வீடு எரியுது. ஏன் புள்ள சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. தோட்டத்துல பொண்ணு எடுக்க வந்தவன் அட்டைக்குப் பயந்தான்னு சிரிப்பாங்களாம். சொல்றதுன்னா அவரு சம்மதிக்கணும். நேத்து போன் பண்ணி, நீங்களே வாங்கன்னு சொன்னேன்."

முத்துலிங்கம் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஊரு வெயில் ஊருங்க. பழக்கம் இல்ல. ரெண்டு அட்டை கடிக்கிறப்ப, அம்மாகூட உறவு எப்படின்னு கேட்டா என்னாதான் சொல்றது?"

சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெருமூச்சு கேட்டது.

"அட்டையா? அப்ப பரம்பரையா வராது."

இரகசியம் காப்பது பற்றி லோஜன் வகுப்பில் குறிப்பெடுத்தான். அதைக் காத்தது வகுப்புக்குப் போகாத அக்கா. இதை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். அவன் முகத்தைப் பார்த்து யாரும் சொல்லவில்லை.

லோஜன் திருந்தினானா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு நாள் புத்தகத்தை மூடிவைத்தான். மூன்றாம் நாள், அரைகுறையாகப் பார்த்துவிட்டு முடிவுக்குத் தாவுவதும் ஒரு மனக்கோளாறுதான் என்று புத்தகத்தில் கண்டுபிடித்தான். அதற்கு நல்ல நீளமான பெயரும் இருந்தது. இப்போது அது தோட்டத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. மீனம்மாவுக்குத்தான் கொஞ்சம் முற்றிய நிலை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போதே, இந்த லோஜனுக்கு என்ன குறை என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டீர்கள்தானே? தாழ்வு மனப்பான்மை என்றோ, வீட்டில் செல்லம் அதிகம் என்றோ? இந்தச் சில பக்கங்களுக்குமேல் அவனை உங்களுக்குத் தெரியாது. தலையைக் கொஞ்சம் நேராக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே காலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் லோஜன். அதற்கு மறுநாள் கல்லூரியில் அவனுக்குச் செய்முறைப் பரீட்சை. பாடம்: அவதானிப்பு.