வலப்பக்க மாப்பிள்ளை

"சார், உங்க வண்டி எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்துது," என்றார் வாகனப் பரிசோதனை நிலையத்து அம்மாள்.

"என் வண்டியா? அது பரம சாதுங்க!"

"சாதுதான். ஆனா ஹெட்லைட் இடது பக்கமா சாய்ஞ்சு அடிக்குது. உங்க ஊர்ல ரோட்டுக்கு இடது பக்கம் ஓட்டுறீங்க, அங்க அது ஓரத்தைக் காட்டும். இங்க நாங்க வலது பக்கம் ஓட்டுறோம். அதே வெளிச்சம் எதிராளி மூஞ்சியிலதான் போய் விழும். மாத்திட்டு வாங்க."

தாளில் சிவப்பு முத்திரை விழுந்தது. மாப்பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கு கிடக்கட்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது? அன்று காலை மாமனாரும் மாமியாரும் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களை இந்தக் காரில், தானே ஓட்டி, வீட்டுக்கு அழைத்துப் போவதென்று அவர் சபதம் போட்டிருந்தார்.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்து நடத்தியவர். அவரிடம் ஸ்டியரிங் பிடிக்கப் படிக்காத ஆளைத் தேடினாலும் கிடைக்காது. போக்குவரத்துப் போலீஸ்காரர்களே அவரைக் கண்டால் சல்யூட் அடித்து வழிவிடுவார்கள். மகள் கல்யாணத்தில் இந்த வெள்ளைக் காரை மாப்பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்தாரா? மண்டபத்து வாசலிலேயே, "முதல் கியர்ல இவ்வளவு நேரமா? தள்ளுங்க மாப்பிள்ளை," என்று, மாலையும் கழுத்துமாக இருந்த மனிதரைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே ஓட்டினார். ஊரே பார்த்துச் சிரித்தது.

அதற்கப்புறம் மாப்பிள்ளை எப்போது ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். திருப்பத்துக்குத் திருப்பம் 'ம்ச்' கொட்டுவார். மாப்பிள்ளை அந்த 'ம்ச்'சைக் கனவில்கூடக் கேட்டிருக்கிறார். கடல் தாண்டி வேலைக்கு வந்தபின், அந்தக் காரையே கப்பலில் ஏற்றி வரவழைத்ததும் அந்த ரோஷத்தில்தான். 'அதை வித்துட்டு இங்க ஒண்ணு வாங்குங்களேன்' என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

பரிசோதனையில் தேறும்வரை காரை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பது சட்டம். ஆகவே அது எங்கே போனாலும் ஒரு இழுவை லாரியின் முதுகில் ஏறி மகாராஜா மாதிரி போயிற்று. லாரியும் அது நிற்கிற பட்டறையும் ஒரே ஆளுடையவை. எதைச் சொன்னாலும் 'ஆச்சு' என்பார். அதனால் அந்த வட்டாரத்தில் அவருக்கு ஆச்சண்ணன் என்றே பெயர்.

"அண்ணே, ஹெட்லைட் மாத்தணும்."

"ஆச்சு!"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் முடியணும்ணே. மானப் பிரச்சினை."

"அட, ஆச்சுங்கிறேன்!"

ஆச்சண்ணன் வேறு ஏதோ வண்டியில் கழற்றிய விளக்குகளைக் கொண்டுவந்து மாட்டினார். வெளிச்சம் ஒழுங்காக வலப்பக்கம் சாய்ந்தது. ஆனால் விளக்கைப் போட்டால் ஹாரன் அலறியது. அணைத்தால் அடங்கியது.

"என்னண்ணே இது?"

"விளக்கு எரியுதுன்னு உங்களுக்குத் தெரியணும்ல?" என்றார் ஆச்சண்ணன், அசராமல்.

பரிசோதனை அம்மாள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் சிவப்பு முத்திரையைக் குத்தினார். "அப்படியே கண்ணாடியில ஒட்டியிருக்கிற கறுப்புப் பேப்பரையும் எடுத்துடுங்க. ஓட்டுறவங்க முகம் வெளியில தெரியணும், சட்டம்."

கறுப்புப் பேப்பர் மாமனார் ஒட்டியது. மாப்பிள்ளைக்கு வேலையோ மூக்குக்கண்ணாடிக் கடையில். பொழுதுக்கும் லென்ஸ் தேய்க்கிறவர். 'கண்ணாடி விஷயத்துல நமக்கே பாடமா?' என்று கடையிலிருந்த பிளேடையும் பாலிஷையும் எடுத்துப் போய், பட்டறை வாசலில் வேட்டைக்காரன் மாதிரி நின்று தானே சுரண்டினார். பேப்பர் வந்துவிட்டது. ஆனால் முன்கண்ணாடி முழுக்கக் கீறல்; கீறலுக்கு மேல் பசை; பசைக்கு மேல் பாலிஷ்.

வேலை முடிந்து வரும் வழியில் மனைவி எட்டிப் பார்த்தாள். "உள்ள இருக்கிறது வெளியில தெரியல, வெளியில இருக்கிறது உள்ள தெரியல. இதுக்குப் பேசாம கறுப்பே இருந்திருக்கலாம்."

"கிண்டலா? உங்கப்பா முன்னாடி இதை நான் ஓட்டிக் காட்டலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்!"

"பேரை அப்புறம் மாத்திக்கலாம். முதல்ல கண்ணாடியை மாத்துங்க."

கண்ணாடியை மாற்றினார்கள். மாற்றுகிற சாக்கில் ஆச்சண்ணன் ஹாரனுக்குப் போகிற ஒயர் இதுதான் என்று எதையோ நறுக்கினார். ஹாரன் வாயை மூடிற்று. வைப்பர் ஆட ஆரம்பித்தது. மழையில்லை, தூறலில்லை; சாவியைத் திருப்பினால் போதும், புதுக் கண்ணாடியில் இப்படியும் அப்படியுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

பரிசோதனை அம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"வண்டியே வேணாம் வேணாம்னு சொல்லுதே சார். நீங்க ஏன் பிடிவாதம் பிடிக்கிறீங்க?"

மூன்றாவது சிவப்பு முத்திரை. மாப்பிள்ளை முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லி லீவு எடுத்தார். பட்டறையிலேயே பாய் விரிக்காத குறையாகக் குடியிருந்து, ஆச்சண்ணன் கத்தரியைத் தொடும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் புதிது இழுத்தார்கள். பதிவுச் சன்னலில் நம்பர் பிளேட் கேட்டால் இன்சூரன்ஸ் எங்கே என்றார்கள். இன்சூரன்ஸ் சன்னலில் கேட்டால் நம்பர் பிளேட் எங்கே என்றார்கள். இரண்டு சன்னலுக்கும் நடுவில் மாப்பிள்ளை பம்பரமாகச் சுற்றினார்; கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு முதலில் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை சன்னலை மூடப் போகிற நேரத்தில் பச்சை முத்திரை விழுந்தது. மாப்பிள்ளை பரிசோதனை அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிறு காலை. விமான நிலையத்துக் கார் நிறுத்துமிடத்தில் நுழையும்போதே ஒரு சோதனை. சீட்டுக் கொடுக்கிற எந்திரம் இடப்பக்கம் நின்றது. இவர் உட்கார்ந்திருந்ததோ வலப்பக்கம். இறங்கி, காரைச் சுற்றி ஓடி, சீட்டைப் பிடுங்கி, திரும்ப ஓடிவந்து ஏறினார். போகட்டும், மாமனார் பார்க்கவில்லை.

மாமனார் காரைக் கண்டதும் கண்கலங்கினார். "நம்ம வண்டி! இங்கயும் ஓடுதே!"

"ஓடும் மாமா. நான் ஓட்டினா எங்கயும் ஓடும். ஏறுங்க."

மாமியார் பின்சீட்டில் ஏறிய கையோடு கண்ணை மூடிவிட்டார். மாமனார் முன்னால் உட்கார்ந்தார். வெளியே போகிற வழியில் எந்திரத்துக்குள் சீட்டைப் போட வேண்டியவர் அவர்தான். "போடுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. மாமனார் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மாமனாரை ஒரு வேலை வாங்கியாயிற்று! மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. முதல் திருப்பத்தில் மாமனார் 'ம்ச்' கொட்டியதுகூட இனிமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது திருப்பத்தில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்கு. வெளிநாட்டு வண்டியா?"

மாப்பிள்ளை காத்திருந்ததே இதற்குத்தானே! கத்தையாகத் தாள்களை நீட்டினார். போலீஸ்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பரிசோதனை சரி... பதிவு சரி... இன்சூரன்ஸும் சரி, லைசென்ஸ் இருக்கிற யார் ஓட்டினாலும் செல்லும்... அடடா! இவ்வளவு சுத்தமா வந்த வண்டியை நான் பார்த்ததே இல்ல சார்."

மாப்பிள்ளை ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தார். கேட்டீங்களா மாமா?

"உங்க லைசென்ஸ்?"

எடுத்துக் கொடுத்தார்.

"இது உங்க ஊர் லைசென்ஸ். இங்க எப்ப வந்தீங்க?"

"போன வருஷம். இங்கதான் வேலை."

"அப்ப இது செல்லாது சார். இங்க குடியிருக்கிறவங்க வெளிநாட்டு லைசென்ஸ்ல ஆறு மாசம்தான் ஓட்டலாம். அப்புறம் டெஸ்ட் எழுதி இந்த ஊர் லைசென்ஸ் எடுத்திருக்கணும்."

கார் எந்நேரமும் லாரி முதுகிலேயே போய்வந்ததால் ஓட்டுகிறவனைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளைக்கே தோன்றவில்லை.

"கவலைப்படாதீங்க," என்று போலீஸ்காரர் குனிந்து மாமனாரைப் பார்த்தார். "பெரியவர் சுத்திப் பார்க்க வந்தவரா? அப்ப அவங்க ஊர் லைசென்ஸே போதும். அவர் ஓட்டட்டும்."

இதற்குத்தானா? விளக்கு மாற்றி, கண்ணாடி மாற்றி, முதலாளியிடம் பொய் சொல்லி, லாரி லாரியாக ஏறி இறங்கியது கடைசியில் ஸ்டியரிங்கைச் சட்டப்படி மாமனார் கையில் ஒப்படைக்கத்தானா? மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. இறங்கிப் போய் மாமனார் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"வாங்க மாமா. நீங்களே ஓட்டுங்க."

மாமனார் அசையவில்லை. "வேணாம் மாப்பிள்ளை. எதுக்கு வம்பு? லாரியையே கூப்பிடுங்க."

"லாரியா? நீங்க இருக்கும்போதா?"

"பிரயாணக் களைப்பு..."

"வீடு பக்கத்துலதான் மாமா."

"லைசென்ஸை எடுங்க பெரியவரே, பின்னாடி வண்டி நிக்குது," என்றார் போலீஸ்காரர்.

மாமனார் சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். பாஸ்போர்ட்டை உதறிப் பார்த்தார். பெட்டியில் இருக்கும் என்றார். மாப்பிள்ளை ஓடிப்போய்ப் பெரிய பெட்டியைத் திறந்தார். சட்டை, துண்டு, மாத்திரை எல்லாம் ரோட்டோரத்துக்கு வந்தன. லைசென்ஸ் வரவில்லை. மாமனார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, சின்னப் பெட்டியில் இருக்குமோ என்னவோ என்று முனகினார். மாப்பிள்ளை சின்னப் பெட்டியின் ஜிப்பில் கை வைத்தார்.

பின்சீட்டில் மாமியார் கண்ணைத் திறந்தார்.

"அதையும் கிளறாதீங்க மாப்பிள்ளை. டெஸ்ட்ல மூணு வாட்டி கோட்டை விட்டு, லைசென்ஸ் கிடைக்காமத்தானே உங்க மாமா டிரைவிங் ஸ்கூலே ஆரம்பிச்சாரு!"